ஈரம் காய்வதற்கு முன்



இசைத்தட்டைச் சுத்தம் செய்வது பற்றிப் பேச்சு எழுந்தால் முதலில் வரும் கேள்வி, எதைப் போட்டுக் கழுவுவது என்பதுதான். பாத்திரம் துலக்கும் சோப்பு போதுமா, ஆல்கஹால் சேர்க்கலாமா, கடையில் விற்கும் பாட்டில் திரவத்தில் ஏதாவது விசேஷம் உண்டா என்று விவாதம் நீண்டுகொண்டே போகும். இவ்வளவு பேசுகிறவர்கள், ஊற்றிய திரவம் தட்டை விட்டு எப்படி வெளியேறுகிறது என்பதை மட்டும் அரை வாக்கியத்தில் முடித்துவிடுவார்கள்: துணியால் துடைத்துக் காய வைக்க வேண்டும். இன்றைய என் வாதம் அந்த அரை வாக்கியத்தைப் பற்றியது. கழுவிய நீர், காய்வதற்கு முன்பே, அழுக்கையும் சேர்த்து எடுத்துக்கொண்டு பள்ளத்தை விட்டு வெளியேற வேண்டும். அது நடந்தால் சாதாரணத் திரவமே போதும். நடக்காவிட்டால் எவ்வளவு உயர்ந்த திரவமானாலும் அழுக்கை இடம் மாற்றி வைக்குமே தவிர அகற்றாது. கழுவிய நீரை உறிஞ்சியெடுக்கும் வேக்குவம் இயந்திரம் செய்வது இந்த ஒரு வேலையைத்தான். அதற்கு மேல் அதனிடம் எதிர்பார்ப்பவர்கள் ஏமாறுவார்கள். அதுகூடத் தேவையில்லை என்பவர்கள் வேறு விதத்தில் ஏமாறுவார்கள்.

முதலில் வேலை நடக்கும் இடத்தின் அளவைப் பார்த்துவிடுவோம். 1948இல் அமெரிக்காவின் கொலம்பியா நிறுவனம் நிமிடத்துக்கு 33⅓ சுற்று சுழலும் நீண்ட இசைத்தட்டை, நாம் எல்.பி. என்று சொல்வதை, வெளியிட்டது. அதில் இருந்த உண்மையான புதுமை பள்ளத்தைக் குறுக்கியதுதான். 78 சுற்றுத் தட்டை வாசித்த ஊசிமுனையோடு ஒப்பிட்டால் எல்.பி. ஊசியின் முனை மூன்றில் ஒரு பங்கு. ஸ்டீரியோ தட்டில் பள்ளத்தின் அகலம் இசையின் உரப்புக்கு ஏற்ப மாறிக்கொண்டே இருக்கும்; ஏறத்தாழ 50 மைக்ரான் என்று வைத்துக்கொண்டால் பிழையில்லை. தலைமுடியின் தடிமனைவிடக் குறைவு. இரண்டு சுவர்களும் 90 பாகைக் கோணத்தில் சாய்ந்து அடியில் சந்திக்கின்றன. 20 நிமிடம் ஓடும் ஒரு பக்கத்தில் தட்டு 660 முறைக்கு மேல் சுழல்கிறது. அந்தப் பள்ளத்தை நூல்போலப் பிரித்து நீட்டினால் 400 மீட்டரைத் தாண்டும். இத்தனை நீளப் பள்ளத்தின் மொத்தக் கொள்ளளவைக் கணக்கிட்டால் கால் மில்லிலிட்டருக்குச் சற்று மேல்தான் வருகிறது. ஒரு மணி நேரத்தில் பாதியைக்கூட நிரப்பாத அந்த இசை முழுவதும் சில சொட்டு நீர் நிறைத்துவிடக்கூடிய இடத்தில் இருக்கிறது. இந்தக் கால் மில்லிலிட்டரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் இதற்கு வேலை இருக்கிறது.

பள்ளத்தின் அகலத்தைவிட முக்கியமானது அதன் நெளிவு. ஊசியைத் தாங்கும் கார்ட்ரிட்ஜ் செய்பவர்கள் அளவுகோலாக வைத்திருக்கும் ஒலிமட்டம், 1 கிலோஹெர்ட்ஸ் சுரத்தில் வினாடிக்கு 5 சென்டிமீட்டர் அசைவு வேகம். அதற்கு ஊசி பக்கவாட்டில் அசையும் தூரம் 8 மைக்ரான் அளவு. அதிலிருந்து 40 டெசிபல் குறைந்த மெல்லொலிக்கு, அதாவது ஒரு வீணைத் தந்தியின் கார்வை ஓய்ந்து அடங்கும் நேரத்தில், அசைவு அதில் நூற்றில் ஒரு பங்காகச் சுருங்குகிறது: 0.08 மைக்ரான். கண்ணுக்குப் புலப்படும் ஒளியின் அலைநீளத்தைவிடவும் சிறியது. அந்த இடத்தில் 5 மைக்ரான் தூசி ஒன்று ஒட்டியிருந்தால் அது இசையின் நெளிவைவிட அறுபது மடங்கு பெரிய மேடு. நம் காதில் ‘டப்’ என்று விழுவது அந்த மேடுதான். உரத்த பாட்டில் அதே தூசி மறைந்துபோகும். ஆலாபனையின் நிறுத்தங்களில் மட்டும் வெளியே வரும். பழைய தட்டு என்றாலே சடசடக்கத்தான் செய்யும் என்று நாம் பொதுவாகச் சொல்லிக்கொள்கிறோம். சடசடப்பில் ஒரு பகுதி தேய்மானம். இன்னொரு பகுதி நீக்கக்கூடிய அந்நியப் பொருள். இரண்டையும் கேட்ட மாத்திரத்தில் பிரித்துச் சொல்ல யாராலும் முடியாது, கழுவிப் பார்த்தால் ஒழிய.

இந்த அந்நியப் பொருளும் ஒரே இனமல்ல. வினைல் என்பது வினைல் குளோரைடும் வினைல் அசிடேட்டும் கலந்த பிளாஸ்டிக். உராய்ந்தால் எதிர்மின்னூட்டம் ஏற்றுக்கொண்டு விடாமல் பிடித்து வைப்பதில் அதற்கு நிகர் குறைவு. ஆகவே காற்றில் மிதக்கும் பஞ்சிழையும் மண்தூசியும் தேடி வந்து ஒட்டுகின்றன. இது உலர்ந்த அழுக்கு. அதன்மேல் விரல்பட்ட எண்ணெய்ப் பசை, சமையல் புகையின் படலம், அடுத்து நம் கடலோர ஊர்களின் ஈரக்காற்றில் உறைக்குள்ளேயே வளரும் பூஞ்சை. பசை தூசியைக் கட்டிப்போடுகிறது. பூஞ்சை அதில் வேர்விடுகிறது. உலர்ந்த கார்பன் பிரஷ்ஷால் தட்டுவது முதல் வகைக்கு மட்டுமே போதும். பிரிட்டனைச் சேர்ந்த செசில் வாட்ஸ் உருவாக்கிய ‘டஸ்ட் பக்’ என்ற சிறு கருவி, ஊசிக்கு முன்னால் ஒரு பிரஷ்ஷையும் வெல்வெட் உருளையையும் இழுத்துச் சென்றது. ஒரு தலைமுறைக்கே அது வழக்கமாக இருந்தது. மேலே கிடக்கும் தூசியை அது வழித்தது உண்மை. ஒட்டிக்கொண்டதை அது தொடவில்லை.

தட்டை ஓடவிட்டால் ஊசியே அழுக்கைத் தள்ளிக்கொண்டு போகும் என்பவர்களும் உண்டு. ஓரளவுக்கு அது சரி; சிலமுறை ஓட்டியதும் ஊசிமுனையில் சாம்பல்நிறப் பஞ்சு சேர்வதைப் பார்க்கலாம். ஆனால் ஊசி துடைப்பம் அல்ல. 2 கிராம் எடை என்பது கேட்கச் சொற்பம். அந்த எடை இறங்கும் பரப்போ சில பத்து சதுர மைக்ரான். கணக்குப் போட்டால் சதுர சென்டிமீட்டருக்கு டன் கணக்கில் அழுத்தம் வருகிறது. அந்த அழுத்தத்தில் கடினமான மண்துகள் ஒன்று ஊசிக்கும் சுவருக்கும் இடையில் சிக்கினால் அது சுவருக்குள் பதிந்துபோகலாம். அல்லது சுவரைக் கீறிவிட்டு நகரலாம். இரண்டில் எது நடந்தாலும் அதற்குப் பிறகு கழுவிப் பயனில்லை. தூசி வெளியேறிய பின்னும் அதன் தழும்பு ஒலித்துக்கொண்டே இருக்கும். வாங்கிய பழைய தட்டை முதலில் ஓட்டிப் பார்ப்போம், மோசமாக இருந்தால் கழுவலாம் என்கிற வரிசை தலைகீழானது.

சரி, நனைத்துக் கழுவுவோம். இங்கேதான் இயற்பியல் இரண்டு பக்கமும் வெட்டுகிறது. தூய நீருக்குப் பரப்பு இழுவிசை அதிகம். வினைல்மேல் அது முத்துமுத்தாகத் திரண்டு நிற்குமே தவிரப் பள்ளத்துக்குள் இறங்காது. ஆகவே ஒரு துளி நனைப்பான் சேர்க்க வேண்டும். ஆவணக் காப்பகங்கள் டெர்ஜிடால் வகையைச் சேர்ந்த அயனியற்ற நனைப்பான்களை மிகச் சிறிய அளவில் காய்ச்சி வடித்த நீரில் சேர்ப்பது இதற்காக. வீட்டில் புழங்குபவர்கள் ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலைச் சேர்ப்பதும் பெரும்பாலும் இதற்காகவே. இழுவிசை பாதிக்கும் கீழே குறைந்ததும் நீர் பரவி, நுண்புழை விசையால் பள்ளத்தின் அடிவரை இறங்குகிறது, பசையை இளக்குகிறது, தூசியை மிதக்கவிடுகிறது. நல்லது. ஆனால் எந்த விசை நீரை உள்ளே இழுத்ததோ அதே விசை அதை வெளியே விடாமல் பிடித்துக்கொள்கிறது. துணி மேட்டுப்பகுதியில் நிற்பதை ஒற்றியெடுக்கும்; நுண்ணிழைத் துணியானால் பள்ளத்திலிருந்தும் கொஞ்சம் உறிஞ்சும்; மீதி அங்கேயே நிற்கும். பார்வைக்குத் தட்டு பளபளவென்று இருக்கும். நின்ற நீர் ஆவியாகும்போது நீர் மட்டுமே போகிறது. தூத்துக்குடி உப்பளத்தில் நடப்பதுதான் இங்கும்: வெயில் கடலை எடுத்துக்கொள்கிறது, உப்பைப் பாத்தியில் விட்டுவிடுகிறது.

எவ்வளவு விட்டுவிடுகிறது என்று ஒரு பேச்சுக்குக் கணக்கிடலாம். குடிநீரில் கரைந்த திடப்பொருள் லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்குள் இருப்பது நல்லது என்று இந்தியத் தரநிர்ணயம் சொல்கிறது. வேறு நீர் கிடைக்காத இடத்தில் 2,000 வரை அனுமதிக்கிறது. நம் ஆழ்குழாய்க் கிணற்று நீரில் கரைந்த திடப்பொருள் கணிசமாகவே இருக்கும் என்று வாளியில் படியும் வெள்ளையைப் பார்த்தாலே தெரியும். குறைந்த எண்ணையே எடுத்துக்கொள்வோம். துடைத்த பின் பள்ளத்தில் அந்தக் கால் மில்லிலிட்டர் மட்டும் நின்று காய்ந்தால் எட்டில் ஒரு மில்லிகிராம் உப்பும் சுண்ணாம்பும் மிஞ்சும். ஒன்றுமில்லாததுபோலத் தோன்றும் அந்த அளவை 5 மைக்ரான் துகள்களாகப் பிரித்தால் ஏழு லட்சத்தை ஒட்டி வருகிறது. அது எல்லாமே துகள்களாகவே படியும் என்று நான் சொல்லவில்லை. பெரும்பகுதி மெல்லிய படலமாகப் பரவலாம். இது வெறும் குழாய்நீரின் கணக்கு. அதோடு சோப்பு மிச்சம், இளகிய பசை, மிதந்துகொண்டிருந்த தூசி எல்லாம் சேர்ந்தே படியும். முன்பு தளர்வாகக் கிடந்த தூசி இப்போது பசையாலும் சுண்ணாம்பாலும் ஒட்டவைக்கப்பட்டிருக்கிறது. கழுவிய பிறகு தட்டு முன்பைவிட மோசமாகச் சத்தம் போடுகிறது என்று சிலர் சொல்வது கற்பனையல்ல.

இதற்கு வரலாற்றில் ஒரு பெரிய சாட்சி உண்டு. ஸ்விட்சர்லாந்தின் லென்கோ நிறுவனம் 1970களில் ‘லென்கோக்ளீன்’ என்ற சாதனத்தைப் பரப்பியது. ஊசிக்குச் சற்று முன்னால் பள்ளத்தை நனைத்துக்கொண்டே போகும் ஒரு குழல். தட்டு ஈரத்திலேயே வாசிக்கப்படும். ஈரம் நிலைமின்னூட்டத்தைக் கொன்றது, சடசடப்பு அடங்கியது, கேட்டவர்கள் மகிழ்ந்தார்கள். ஆனால் திரவம் எங்கும் போகவில்லை. அழுக்கோடு சேர்ந்து பள்ளத்தில் சேறாகி, காய்ந்து, சுவரில் இறுகியது. அப்படி வாசித்த தட்டை மறுபடி உலர்ந்த நிலையில் போட்டால் இரைச்சல் தாங்காது. ஒருமுறை ஈரத்தில் வாசித்ததை எப்போதும் ஈரத்திலேயே வாசிக்க வேண்டும் என்று அந்த நாளிலேயே சொல்லிக்கொண்டார்கள். ஐரோப்பியப் பழைய தட்டுச் சந்தையில் வாங்குகிறவர்கள் இன்றும் இந்தச் சேற்றைச் சந்திக்கிறார்கள். திரவம் சரிதான், நனைத்ததும் சரிதான், வெளியேற்றும் வழி மட்டும் இல்லை.

அந்த வழியை அமைத்துக் கொடுத்தவர் பெர்சி வில்சன். லண்டனின் ‘தி கிராமபோன்’ இதழின் தொழில்நுட்ப ஆசிரியராக இருந்தவர். 1960களில் அவர் முன்வைத்த ஏற்பாட்டைக் கீத் மாங்க்ஸ் என்பவர் இயந்திரமாக்கி விற்கத் தொடங்கினார், பி.பி.சி.யின் இசைத்தட்டு நூலகம் போன்ற இடங்களில் அது வேலை செய்தது. தட்டைச் சுழலவிட்டுத் திரவத்தைப் பிரஷ்ஷால் பரப்ப வேண்டும். பிறகு, ஊசியைத் தாங்கி நகரும் தொனிக்கை போன்ற ஒரு கை மையத்திலிருந்து வெளிவிளிம்பை நோக்கி மெல்ல நகரும். அதன் நுனியில் ஒரு சிறு மூக்கு. அதன் வழியே பம்பு நீரை உறிஞ்சும். மூக்கு தட்டைத் தொடக்கூடாது, ஆனால் மிக அருகில் இருக்க வேண்டும். அந்த இடைவெளியைக் காக்க வில்சன் வைத்தது ஒரு நைலான் நூல். நூல் ஒரு சுருளிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக வந்து மூக்கின் வாயில் படுத்துப் பம்புக்குள் போய்விடும். எந்த நேரத்திலும் தட்டைத் தொடுவது புதிய நூல். முந்தைய தட்டின் அழுக்கு இந்தத் தட்டுக்கு வர வழியே இல்லை. நான் அறிந்தவரை இந்தத் துறையில் இதைவிட அழகான யோசனை வரவில்லை. பின்னாளில் லோரிகிராஃப்ட் இயந்திரங்களும் இதே நூல்முறையைத்தான் பின்பற்றின.

அமெரிக்காவில் வி.பி.ஐ., நிட்டி கிரிட்டி போன்ற நிறுவனங்கள் வேறு வழியில் போயின. அங்கே தட்டின் ஆரம் முழுவதையும் ஒரே நேரத்தில் மூடும் நீண்ட பிளவு. அதன் உதடுகளில் வெல்வெட் பட்டை. அடியில் வீட்டு வேக்குவம் கிளீனரில் இருப்பது போன்ற மோட்டார். இரண்டு சுற்றில் வேலை முடிந்துவிடும். நூல் இயந்திரத்துக்கோ சில நிமிடங்கள் ஆகும். பிளவு இயந்திரத்தின் விலையிலும் பெரிய இறக்கம். பிளவு வழியே வேகமாகப் பாயும் காற்று நீர்ப்படலத்தை அறுத்து இழுத்துச் செல்கிறது. அப்படிப்பட்ட மோட்டார் உண்டாக்கும் உறிஞ்சழுத்தம், நனைப்பான் கலந்த நீரைப் பள்ளத்தில் பிடித்துவைக்கும் நுண்புழை அழுத்தத்தைவிடப் பன்மடங்கு அதிகம் என்பதால் போட்டி ஒருதலையானது. குறை வெல்வெட்டில்தான் இருக்கிறது. மோசமான தட்டின் மண் அதில் தங்கி அடுத்த தட்டில் இறங்கும். பட்டையை அடிக்கடி கழுவாமல், மாற்றாமல், இயந்திரம் சரியில்லை என்பவர்கள் உண்டு. சத்தமும் அதிகம், இரவு பத்து மணிக்கு மேல் அக்கம்பக்கத்தாரோடு நல்லுறவை விரும்புகிறவர்கள் இதைத் தொடக்கூடாது.

உறிஞ்சுவதால் வரும் ஆதாயம் எவ்வளவு என்பதை அலசல் கணக்கில் தெளிவாகப் பார்க்கலாம். ஒரு பக்கத்துக்கு 4 மில்லிலிட்டர் திரவம் ஊற்றுகிறோம், அழுக்கு அதில் சமமாக மிதக்கிறது என்று வைத்துக்கொள்வோம். துடைத்த பின் கால் மில்லிலிட்டர் நின்றால் அழுக்கில் பதினாறில் ஒரு பங்கு பள்ளத்திலேயே காய்கிறது. உறிஞ்சியதால் அதில் பத்தில் ஒரு பங்கு மட்டுமே நின்றால் அழுக்கில் நூற்றறுபதில் ஒரு பங்கு. இப்போது தூய நீரை ஊற்றி மறுபடி உறிஞ்சினால் மிச்சம் இருபத்தையாயிரத்தில் ஒரு பங்குக்கு இறங்கிவிடுகிறது. இந்த எண்களை யாரும் அளந்து சொல்லவில்லை, நான் வாதத்துக்காக எடுத்தவை. ஆனால் பின்னம் பின்னத்தால் பெருக்கப்படும் விதம் மாறாது. அதிலிருந்து ஒரு நடைமுறை முடிவு கிடைக்கிறது: விலையுயர்ந்த திரவத்துக்குச் செலவிடும் பணத்தைவிட, காய்ச்சி வடித்த நீரால் இரண்டாவது முறை அலசி உறிஞ்சுவது அதிகம் பயன்தரும். திரவப் பாட்டில் விற்பவர்கள் இதை ஏன் உரக்கச் சொல்வதில்லை என்று நான் விளக்க வேண்டியதில்லை.

மறுப்புகளுக்கு வருகிறேன். இயந்திரமில்லாமல் தொட்டியில் கழுவித் தூய நீரில் அலசி நிமிர்த்தி வைத்துக் காயவிடுகிறவர்கள் நல்ல பலன் கிடைப்பதாகச் சொல்கிறார்கள். மறுக்கவில்லை. ஏராளமான தூய நீரால் திரும்பத் திரும்ப அலசினால் நிற்கும் கால் மில்லிலிட்டரும் தூய நீராகிவிடுகிறது. காய்ந்தால் விட்டுச்செல்ல அதில் ஒன்றும் இருக்காது. அவர்கள் அழுக்குநீரை உறிஞ்சுவதற்குப் பதிலாக விரட்டியடிக்கிறார்கள். அதற்குத் தேவைப்படும் காய்ச்சி வடித்த நீரின் அளவும், லேபிள் நனையாமல் காக்கும் சிரமமும் அவர்கள் கொடுக்கும் விலை. மரவேலைப் பசையைத் தட்டில் தடவி, காய்ந்ததும் தோலாக உரித்தெடுக்கிறவர்களும் உண்டு. பார்க்கவே பயமாக இருக்கும், நுனியில் கொஞ்சம் ஒட்டிக்கொண்டால் தட்டே போய்விடும், நான் பரிந்துரைக்க மாட்டேன். ஆனால் அது பலிக்கும்போது ஏன் பலிக்கிறது என்று பாருங்கள்: அழுக்கைப் பிடித்த பொருளே மொத்தமாகப் பள்ளத்தை விட்டு வெளியேறுகிறது. இரண்டு முறைகளும் என் வாதத்துக்கு எதிரானவை அல்ல. வேறு கருவியால் அதே நிபந்தனையை நிறைவேற்றுபவை.

மீயொலித் தொட்டிகள் வந்தபின் வேக்குவம் பழையதாகிவிட்டது என்பது அடுத்த மறுப்பு. மீயொலி நீரில் நுண்குமிழிகளை உண்டாக்குகிறது. அவை சுவருக்கருகில் வெடித்து, பிரஷ் முடி எட்டாத இடத்திலும் பூஞ்சையைப் பெயர்க்கின்றன. பெயர்ப்பதில் அது வேக்குவம் இயந்திரத்தின் பிரஷ்ஷை மிஞ்சுகிறது என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். ஆனால் பெயர்த்த அழுக்கு தொட்டி நீரில்தானே மிதக்கிறது? பத்துத் தட்டுகளை ஒரே நீரில் கழுவி விசிறிக்காற்றில் உலர்த்தினால் பத்தாவது தட்டு முதல் ஒன்பதின் அழுக்கை வாங்கிக்கொண்டு காய்கிறது. நல்ல இயந்திரங்களில் வடிகட்டி இருக்கிறது. வடிகட்டி கரைந்ததைப் பிடிக்காது. அனுபவமுள்ளவர்கள் பலர் மீயொலியில் பெயர்த்து, தூய நீரில் அலசி, வேக்குவத்தில் உறிஞ்சி முடிக்கிறார்கள். உறிஞ்சுவதால் நிலைமின்னூட்டம் ஏறுகிறது என்ற குறையும் சொல்லப்படுகிறது. அது உண்மை. ஆனால் அது நீர் போன பிறகும் வெல்வெட்டை உலர்ந்த தட்டில் சுழலவிடுவதால் வருவது. இரண்டு சுற்றோடு நிறுத்தினால் வராது.

ஊசி சுவரைத்தானே தொடுகிறது, அடியில் கிடப்பது கிடந்துவிட்டுப் போகட்டும் என்று ஒரு கேள்வி எழலாம். 18 மைக்ரான் ஆரமுள்ள வட்டமுனை ஊசி 90 பாகைப் பள்ளத்தில் உட்கார்ந்தால் அதன் நுனி அடியிலிருந்து 7 மைக்ரான் உயரத்தில்தான் நிற்கும் என்று எளிய வடிவியல் சொல்கிறது. பள்ளத்தின் அடி சற்று உருண்டையாக இருப்பதால் இன்னும் குறையும். அதைவிடப் பெரிய துகள் எதுவும் ஊசியைத் தூக்கும். தவிர, நுண்கோட்டு முனை கொண்ட இன்றைய ஊசிகள் வட்டமுனை தொடாத சுவர்ப்பகுதியையும் தொடுகின்றன. அங்கே தேய்மானம் இல்லை, அழுக்கு மட்டும் இருக்கிறது. பழைய தட்டுக்கு நல்ல ஊசி போட்டதும் இரைச்சல் கூடிவிட்டது என்று குழம்புகிறவர்கள் இதை நினைத்துப் பார்க்கலாம்.

ஒலி மேம்படுகிறதா என்ற கேள்விக்கு நிதானமாகப் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது. டப்பொலிகளும் பின்னணிச் சடசடப்பும் குறையும். ஊசிமுனையில் பஞ்சு சேராததால் பக்கத்தின் கடைசிப் பாட்டில் வரும் கரகரப்பும் குறையும். கடைசிப் பாட்டு ஏன் என்றால், விளிம்பில் வினாடிக்கு அரை மீட்டர் ஓடும் பள்ளம் மையத்தருகே இருபது சென்டிமீட்டராகக் குறைந்துவிடுகிறது. 10 கிலோஹெர்ட்ஸ் ஒலியின் ஓர் அலை அங்கே 20 மைக்ரானுக்குள் நெருக்கப்பட்டிருக்கிறது. அழுக்கேறிய முனையால் அதைப் பின்தொடர முடியாது. இதற்கு மேல், திரை விலகியது, பாடகர் அறைக்குள் வந்துவிட்டார் என்றெல்லாம் எழுதப்படுவதை நான் நம்புவதில்லை. தேய்ந்த சுவரையும் கீறலையும் அச்சுப் பிழையையும் எந்த நீரும் திருத்தாது. சந்தேகமுள்ளவர்களுக்குச் சோதனை எளிது. கழுவாத தட்டை இரண்டு முறை ஓட்டி இரண்டையும் பதிவு செய்யுங்கள். தளர்ந்த தூசி ஓட்டுவதாலேயே எவ்வளவு போகிறது என்று அதில் தெரிந்துவிடும். பிறகு ஊசியைத் துடைத்து, கழுவிய தட்டை அதே ஒலிமட்டத்தில் பதிவு செய்து, பாட்டுகளுக்கு இடைப்பட்ட மௌனத்தில் விழும் டப்பொலிகளை எண்ணுங்கள். காது எதிர்பார்ப்புக்கு வளைந்து கொடுக்கும், எண்ணிக்கை வளையாது. எண்ணிக்கை குறையவில்லையென்றால் அந்தத் தட்டுக்கு வந்திருப்பது தேய்மானம். மறுபடி மறுபடி கழுவிக்கொண்டிருப்பதில் அர்த்தமில்லை.

கணினியில் டப்பொலியை நீக்கிவிடலாமே, எதற்கு இந்த நனைப்பு? மென்பொருள் டப்பொலி விழுந்த கணத்தை வெட்டி, முன்னும் பின்னும் உள்ள அலையைப் பார்த்து இடைவெளியை ஊகித்து நிரப்புகிறது. ஊகம் பெரும்பாலும் நன்றாகவே இருக்கும். மிருதங்கத்தின் கூர்மையான சாப்புச் சொல்லையும் டப்பொலியையும் அது சிலசமயம் குழப்பிக்கொள்ளும். நூறு இடங்களை ஊகிப்பதற்கும் ஐயாயிரம் இடங்களை ஊகிப்பதற்கும் வேறுபாடு உண்டு. காப்பகங்கள் முதலில் கழுவி, எந்தத் திருத்தமும் இல்லாத பிரதியை எடுத்து வைத்துவிட்டுத்தான் மென்பொருளிடம் போகின்றன. நீரால் எடுக்கக்கூடியதை ஊகத்தால் எடுப்பானேன்?

நம் வீடுகளில் கிடக்கும் தட்டுகளுக்கு ஒரு தனி எச்சரிக்கை தேவைப்படுகிறது. 78 சுற்றுத் தட்டுகள் வினைல் அல்ல. அரக்கில் கல்தூளும் கரியும் சேர்த்து அழுத்தியவை. அந்த அரக்கு பெருமளவில் இந்தியக் காடுகளிலிருந்து போனது. இரண்டாம் உலகப்போரில் அதன் வரத்து குறைந்ததும், அமெரிக்கப் படைவீரர்களுக்கு அனுப்பப்பட்ட ‘வி-டிஸ்க்’ தட்டுகளை வினைலில் அடிக்க வேண்டி வந்தது. இந்தியாவில் 78 தட்டுகள் 1960களிலும் அச்சாகிக்கொண்டிருந்ததால், தாத்தாவின் பெட்டியில் எல்.பி.யும் அரக்குத் தட்டும் கலந்தே கிடக்கும். அரக்கு ஆல்கஹாலில் கரையும். மரச்சாமான் பாலிஷ் செய்கிறவர்களைக் கேட்டால் சொல்வார்கள். எல்.பி.க்குக் கலந்து வைத்த ஆல்கஹால் திரவத்தை அதில் ஊற்றினால் அழுக்கோடு இசையும் போய்விடும். நனைப்பான் கலந்த நீர் மட்டும், அதுவும் சில வினாடிகள், உடனே உறிஞ்ச வேண்டும். அரக்குக்கு நடுவிலுள்ள நிரப்புப்பொருள் ஈரத்தை வாங்கி ஊதும் என்பதால் துடைத்துக் காயவிடும் முறை இங்கே இரட்டிப்பு ஆபத்து. அலுமினியத் தகட்டில் மெழுகு பூசியதுபோல மினுங்கும் வானொலி நிலையத்து நேரடிப் பதிவுத் தட்டுகள் இன்னும் மென்மையானவை. அவற்றின் பூச்சு உரிந்திருந்தால் நனைக்கவே கூடாது, காப்பகத்தாரிடம் கொடுத்துவிடுவது நல்லது.

செலவைப் பற்றிக் கேட்பீர்கள். இருபது தட்டு வைத்திருப்பவர் இயந்திரம் வாங்குவது வீண். நண்பர்கள் நாலைந்து பேர் சேர்ந்து ஒன்றை வைத்துக்கொள்ளலாம், தட்டு விற்கும் கடைகள் சில கூலிக்குக் கழுவித் தருகின்றன. ஈரத்தை உறிஞ்சும் வகை வேக்குவம் கிளீனர் வீட்டில் இருந்தால் அதன் குழாயில் வெல்வெட் ஒட்டிய பிளவு மூக்கைப் பொருத்திக்கொள்கிறவர்களும் இருக்கிறார்கள். உலர்தூசிக்கு மட்டுமான கிளீனரில் நீரை விட்டால் மோட்டார் போய்விடும், ஆளுக்கும் ஆபத்து. எந்த வழியில் கழுவினாலும், கழுவிய தட்டைப் பழைய காகித உறைக்குள்ளேயே திரும்பச் செருகாதீர்கள். இருபது முப்பது வருஷத்துத் தூசியும் பூஞ்சை வித்தும் அந்தக் காகிதத்தில்தான் குடியிருக்கின்றன. செருகும் உராய்விலேயே மின்னூட்டம் ஏறி எல்லாம் தட்டுக்கு வந்துவிடும். பாலித்தீன் உட்புறம் கொண்ட புதிய உறை போதும். பி.வி.சி. உறை வேண்டாம், அது வெயில்காலத்தில் தட்டோடு ஒட்டிக்கொள்ளும். பழைய உறையில் கம்பெனி விளம்பரமும் பாட்டுப் பட்டியலும் அச்சாகியிருந்தால் எறிய மனம் வராது. அட்டைக்குள் அதை வெறுமனே வைத்துக்கொள்ளுங்கள், தட்டு தனி உறையில் இருக்கட்டும்.